பியூரெட் அளவு ஒத்துவராதபோது: அமில-காரத் தரம்பார்த்தலில் பிழை நீக்கும் வழிமுறை

ஆய்வகத்தில் தரம்பார்த்தல், அதாவது ஒரு கரைசலை இன்னொன்றோடு அளந்து வினைபுரியவிட்டுச் செறிவை அறியும் சோதனை, சரியாக வராத மாணவர் பெரும்பாலும் செய்வது, குடுவையில் இருப்பதைத் தொட்டியில் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவதுதான். பிழை எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் தொடங்கினால், அது இரண்டாம் முறையும் அதே வாசல் வழியாகவே உள்ளே வரும். கொட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் நின்று, கண்ணுக்குத் தெரிந்த அறிகுறி என்ன என்று பார்த்துக்கொண்டால் வேலை பாதியாகக் குறைந்துவிடும். நிறம் வந்து மறைந்ததா, வரவே இல்லையா, அளவீடுகள் சிதறினவா, எல்லாம் ஒத்துவந்தும் விடை மட்டும் விலகியதா என்ற கேள்விகளுக்குத் தனித்தனிக் காரணங்கள் உண்டு.

இங்கே பெரும்பாலும் ஒரே சோதனையைக் கையில் வைத்துக்கொள்வோம். கூம்புக் குடுவையில் பிப்பெட்டால் (குறித்த அளவை மட்டும் எடுக்கும் கண்ணாடிக் குழாய்) அளந்த 20 மி.லி. ஆக்சாலிக் அமிலம், 0.1 நார்மல் (கொடுக்கும் அல்லது ஏற்கும் புரோட்டான் கணக்கில் சொல்லும் செறிவு). பியூரெட்டில் (அளவுக் கோடுகளும் அடியில் திருகியும் உள்ள நீண்ட குழாய்) ஏறக்குறைய 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு. நிறங்காட்டி (வினை முடிந்ததை நிறமாற்றத்தால் காட்டும் சாயம்) பினாப்தலீன். எல்லாம் சரியாக இருந்தால் 20.0 மி.லி. அருகே நிறமற்ற கரைசல் வெளிர் இளஞ்சிவப்பாக மாற வேண்டும்.

மூன்று அளவீடுகளை வரிசையாக எழுதிப் பார்ப்பதே முதல் சோதனை. 19.6, 20.1, 19.8 என்று சிதறினால் பிழை அனேகமாகக் கையிலோ கண்ணிலோ இருக்கிறது: துளியை நிறுத்துவது, அளவைப் படிப்பது, பிப்பெட்டைக் காலி செய்வது போன்றவை. 20.5, 20.5, 20.5 என்று ஒன்றாகச் சேர்ந்து விலகினால் பிழை பெரும்பாலும் குப்பியில் இருக்கிறது: கரைசலின் செறிவு, நிறங்காட்டித் தேர்வு, எடை, கணக்கு போன்றவை. மூன்றாவது அளவீட்டை முதல் இரண்டுக்கும் பொருந்தும்படி எழுதிக்கொள்ளும் வழக்கம் பல ஆய்வகங்களில் உண்டு. செய்முறைத் தேர்வு நெருங்கினால் அது இன்னும் பரவும். நேர்மை பற்றிய கேள்வியை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், அப்படி எழுதுகிறவர் தம்மிடம் இருக்கும் ஒரே தடயத்தை அழித்துவிடுகிறார்.

இளஞ்சிவப்பு வருகிறது, ஆனால் மறைந்துவிடுகிறது

எத்தனை நொடியில் மறைகிறது என்பதைப் பொறுத்து இதற்குப் பொருள் மாறும். காரத் துளி விழுந்த இடத்தில் மட்டும் சிவப்புக் கீற்று தோன்றி, குடுவையைச் சுழற்றியதும் போய்விட்டால் கவலைப்பட ஒன்றுமில்லை; அங்கே மட்டும் காரம் மிகுந்திருந்தது, கலக்கியதும் மீதமிருக்கும் அமிலம் அதை எடுத்துக்கொண்டது. முடிவுநிலை (நிறம் மாறி நிலைக்கும் கட்டம்) நெருங்க நெருங்க அந்தக் கீற்று கலைவதற்குக் கூடுதல் நேரம் எடுக்கும். பழகிய கை இதையே எச்சரிக்கையாகக் கொண்டு, ஓட்டத்தை நிறுத்தித் துளித் துளியாக விடத் தொடங்கும்.

கலக்கிய பிறகும் குடுவை முழுவதும் நிறம் நின்று, மேசையில் வைத்த பின் ஒரு நிமிடத்திலோ இரண்டு நிமிடத்திலோ வெளிறிப் போனால், காரணம் காற்றில் இருக்கும் கார்பன் டைஆக்சைடு. முடிவுநிலையைத் தாண்டி நாம் விட்ட காரம் ஒரு துளி, அதாவது சுமார் 0.05 மி.லி. மட்டுமே. அந்தச் சிறு மிகுதியைக் காற்றிலிருந்து கரையும் கார்பன் டைஆக்சைடு பைகார்பனேட்டாக மாற்றிவிட்டால் பி.எச். (அமில-காரத் தன்மையைக் காட்டும் எண்; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) 8.2க்குக் கீழே இறங்கிவிடும், பினாப்தலீனும் நிறமிழக்கும். இதைக் கண்டு மறுபடியும் ஒரு துளி, மறுபடியும் ஒரு துளி என்று சேர்த்துக்கொண்டே போவது பெரும் தவறு. நிறம் அரை நிமிடம் நிலைத்தால் அதுவே முடிவுநிலை. அளவைக் குறித்துக்கொண்டு அடுத்த குடுவைக்குப் போய்விட வேண்டும்.

இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு நிலையும் உண்டு. நிறம் பத்துப் பதினைந்து நொடி நின்று மறைகிறது, இன்னொரு துளி விட்டால் மீண்டும் அவ்வளவே நின்று மறைகிறது, இப்படியே அரை மி.லி.க்கு மேல் போய்விடுகிறது என்றால், குடுவைக்குள் ஏதோ ஒன்று மெல்ல மெல்ல அமிலத்தை வெளியிட்டுக்கொண்டிருக்கிறது. ஆக்சாலிக் அமிலப் படிகம் முழுவதும் கரையாமல் அடியில் கிடக்கலாம். ஆஸ்பிரின் மாத்திரையைத் தரம்பார்க்கிறீர்கள் என்றால், அதில் உள்ள எஸ்டர் பிணைப்பைக் காரம் மெதுவாக உடைத்துக்கொண்டிருக்கலாம். முதல் வகைக்கு முழுமையாகக் கரைத்துவிட்டுத் தொடங்குவதும், இரண்டாம் வகைக்குக் கரைசலைக் குளிரவைத்து விரைந்து முடிப்பதும் தீர்வு.

நிறமே வரவில்லை

25 மி.லி. ஓடியும் குடுவை தண்ணீர்போலவே இருக்கிறதென்றால், முதல் சந்தேகம் நிறங்காட்டி விட மறந்ததுதான். இப்போது ஒரு துளி விட்டுப் பாருங்கள். குடுவை அடர்ந்த ரோஜா நிறமானால் முடிவுநிலை எப்போதோ கடந்துபோயிற்று. அந்தக் குடுவையைக் கணக்கில் சேர்க்காமல் மறுபடி தொடங்க வேண்டும். நிறம் வராவிட்டால் பியூரெட்டின் முனையிலிருந்து ஒரு சொட்டைச் சிவப்பு லிட்மஸ் தாளில் விடுங்கள். நீலமாகாவிட்டால் பியூரெட்டில் இருப்பது காரமே அல்ல. பெயர் ஒட்டாத இரண்டு பீக்கர்களில் நிறமற்ற இரண்டு கரைசல்களை வைத்துக்கொண்டு வேலை செய்தால் இது என்றாவது ஒருநாள் நடந்தே தீரும்.

அரிதாக, காரணம் நேர்மாறாக இருக்கும். குடுவையில் செறிவான சோடியம் ஹைட்ராக்சைடை வைத்துக்கொண்டு பியூரெட்டில் அமிலம் நிரப்பியிருந்தால், பினாப்தலீன் விட்டவுடன் தோன்றும் சிவப்பு சில நிமிடங்களில் தானே வெளிறுவதைப் பார்க்கலாம். மிகுந்த காரத்தன்மையில் பினாப்தலீனின் சிவப்பு வடிவத்தோடு மேலும் ஒரு ஹைட்ராக்சைடு அயனி சேர்ந்து நிறமற்ற வடிவம் உருவாகிறது. நிறம் போய்விட்டது, ஆகவே நடுநிலை வந்துவிட்டது என்று எழுதிக்கொள்ளும் மாணவருக்கு இது நல்ல பொறி. காரக் கரைசலை 0.1 நார்மல் அளவுக்கு நீர்க்கச் செய்தால் இத்தொல்லை பெரிதும் குறையும்.

நிறம் சட்டென்று மாறாமல் இழுத்துக்கொண்டே போகிறது

சமான நிலையில் (அமிலமும் காரமும் மிச்சமின்றி ஒன்றையொன்று தீர்த்த கட்டம்) பி.எச். எவ்வளவு, அதன் இருபுறமும் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதற்கு நிறங்காட்டி பொருந்தாதபோது இந்த அறிகுறி தோன்றும். நம் ஆக்சாலிக் அமிலச் சோதனையில் சமான நிலைக்கு ஒரு துளி முன்பு பி.எச். ஏறக்குறைய 6.6; சமான நிலையில் 8.3; ஒரு துளி கூடினால் 10.1. பினாப்தலீன் நிறம் மாறும் எல்லையான 8.2 முதல் 10.0 வரை இந்த இரண்டு துளிகளுக்குள் அடங்கிவிடுவதால் மாற்றம் கூர்மையாகத் தெரிகிறது.

இப்போது ஆக்சாலிக் அமிலத்துக்குப் பதிலாக அசிட்டிக் அமிலத்தை, அதாவது நீர்த்த வினிகரை எடுத்துக்கொண்டு, நிறங்காட்டியாக மெத்தில் ஆரஞ்சை விடுங்கள். மெத்தில் ஆரஞ்சு 3.1இல் சிவப்பு, 4.4இல் மஞ்சள். 20 மி.லி. காரம் தேவைப்படும் ஒரு 0.1 மோலார் (மூலக்கூறுகளின் கணக்கில் சொல்லும் செறிவு) அசிட்டிக் அமிலக் கரைசலில், பி.எச். 4.4ஐ எட்ட 6 மி.லி. காரமே போதும். ஆக, ஒரு மி.லி. விடுவதற்குள் சிவப்பு கலையத் தொடங்கி, ஆரஞ்சாகி, 6 மி.லி.யில் முழு மஞ்சளாகிவிடும். அப்போது அமிலத்தில் எழுபது விழுக்காடு இன்னும் நடுநிலையாக்கப்படாமல் கிடக்கிறது. எந்தத் துளியில் மாறியது என்று மாணவரால் சொல்ல முடியாததற்குக் காரணம் கண்ணின் குறை அல்ல. அந்தக் கரைசலில் அப்படி ஒரு துளியே இல்லை. வலிமை குறைந்த அமிலத்தை வலிமை மிகு காரத்தோடு சேர்க்கும்போது சமான நிலை காரப் பக்கத்தில் அமைவதால் (மேற்சொன்ன அசிட்டிக் அமிலத்துக்கு 8.7) பினாப்தலீனே வேண்டும். அமோனியாவை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு தரம்பார்க்கும்போது சமான நிலை அமிலப் பக்கம் விழும். அங்கே மெத்தில் ஆரஞ்சோ மெத்தில் ரெட்டோ பொருந்தும். அசிட்டிக் அமிலத்தை அமோனியாவோடு தரம்பார்க்க முயன்றால் எந்த நிறங்காட்டியும் உதவாது. இரண்டில் ஒன்றை மாற்றுவதுதான் வழி.

சோடியம் கார்பனேட்டை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு தரம்பார்க்கும்போது மட்டும், மெத்தில் ஆரஞ்சு சரியான தேர்வாக இருந்தும் நிறம் இழுக்கும். வினையில் உண்டாகும் கார்பன் டைஆக்சைடு கரைசலிலேயே தங்கி அதைச் சற்று அமிலமாக்குவதால், மஞ்சள் முன்கூட்டியே ஆரஞ்சாகத் தொடங்குகிறது. முதல் ஆரஞ்சுச் சாயல் தெரிந்ததும் குடுவையைச் சூடுபடுத்திக் கொதிக்கவைத்தால் வாயு வெளியேறும், மஞ்சள் திரும்ப வரும். ஆறவைத்து மீதித் துளிகளை விட்டால் மாற்றம் கூர்மையாக அமையும். இதற்கு நேரமில்லாத வகுப்பில் குறைந்தபட்சம் முடிவுநிலைக்கு அருகில் குடுவையை நன்றாகக் குலுக்க வேண்டும்.

மெத்தில் ஆரஞ்சு பற்றி இன்னொன்று. மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் உள்ள வேறுபாடு எல்லோர் கண்ணுக்கும் ஒரே அளவில் தெரிவதில்லை. சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு உள்ள மாணவருக்கு அது தெரியாமலே போகலாம்; தமக்கு அப்படி ஒரு குறை இருப்பதை இந்தச் சோதனையில்தான் முதன்முதலாக உணர்ந்தவர்களும் உண்டு. அவர்களுக்கு புரோமோகிரிசால் கிரீன் கொடுக்கலாம்: 3.8இல் மஞ்சள், 5.4இல் நீலம். மற்றவர்களுக்கும், இரண்டு துளி மெத்தில் ஆரஞ்சு விட்ட வெறும் வாலைவடிநீரை இன்னொரு கூம்புக் குடுவையில் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டின் அடியிலும் வெள்ளைப் பீங்கான் ஓடு வைத்து ஒப்பிடுவது உதவும். நிறம் தெரியவில்லை என்பதற்காக நிறங்காட்டியைப் பத்துத் துளி விடுவது நேர் எதிரான பலனையே தரும். அடர்ந்த சாயத்தில் மாற்றம் இன்னும் மங்கும். தவிர, பினாப்தலீனே ஒரு வலிமை குறைந்த அமிலம் என்பதால் அதுவும் தன் பங்குக்குக் காரத்தை உண்ணும்.

கரைசல் மிகவும் நீர்த்திருந்தாலும் மாற்றம் மழுங்கும். வலிமை மிகு அமிலத்தையும் வலிமை மிகு காரத்தையும் 20 மி.லி. அளவில் எடுத்துக்கொண்டால், சமான நிலைக்கு ஒரு துளி முன்னும் ஒரு துளி பின்னுமான பி.எச்., 0.1 மோலாரில் 3.9இலிருந்து 10.1 வரை தாவுகிறது; 0.01 மோலாரில் 4.9இலிருந்து 9.1 வரைதான். 0.001 மோலாருக்குப் போனால் ஒரு துளி கூடிய பின்னும் பினாப்தலீன் நிறம் காட்டாது.

அளவீடுகள் சிதறுகின்றன

பியூரெட்டின் ஸ்டாப்காக்கிலிருந்து (திறந்து மூடும் திருகி) கூர்முனை வரையுள்ள சிறு குழாயைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள். அங்கே ஒரு காற்றுக் குமிழி, கடுகளவில், கண்ணாடிச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கலாம். அது தரம்பார்த்தலின் நடுவில் வெளியேறினால், அதன் இடத்தை நிரப்பிய கரைசல் குடுவைக்குப் போகாமலே போனதாகக் கணக்காகி, அளவீடு கூடும். அடுத்த முறை குமிழி இருக்காது, அளவீடு இறங்கும். பியூரெட்டை நிரப்பியவுடன் ஸ்டாப்காக்கை ஒரே வீச்சில் முழுவதும் திறந்து வேகமாக ஓடவிட்டு மூடினால் குமிழி வெளியேறிவிடும். ரப்பர் குழாயும் கிளிப்பும் உள்ள பழைய வகையானால், முனையை மேல்நோக்கி வளைத்துப்பிடித்துத் திறக்க வேண்டும். நிரப்பப் பயன்படுத்திய புனலை அப்படியே மேலே விட்டுவிடுவதும் இதே குடும்பத்துப் பிழை. புனலின் காம்பில் தொங்கிய சொட்டு பாதியில் விழுந்தால் அளவீடு குறையும்.

அடுத்தது கண். பியூரெட்டின் எண்கள் மேலிருந்து கீழாகக் கூடிக்கொண்டு போகின்றன. மேலிருந்து குனிந்து பார்த்தால் அளவு உண்மையைவிடக் குறைவாகவும், கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் கூடுதலாகவும் தெரியும். உயரமான தாங்கியில் மாட்டிய பியூரெட்டின் பூச்சியத்தை அண்ணாந்தும், 20ஐக் குனிந்தும் பார்ப்பது இயல்பாக நடப்பது. இரண்டு பிழைகளும் ஒரே பக்கமாகச் சேர்ந்து அளவீட்டைக் குறைத்துவிடும். பிறைத்தளத்தின் (கரைசலின் வளைந்த மேற்பரப்பு) அடிவிளிம்பு கண்ணுக்கு நேராக வரும்படி, தேவையானால் முக்காலியில் ஏறியோ முழங்காலை மடக்கியோ, இரண்டு முறையும் ஒரே விதமாகப் படிக்க வேண்டும். ஒரு சிறு காகிதத்தின் கீழ்ப்பாதியைக் கறுப்பாக்கி, கருமையின் மேல்விளிம்பைப் பிறைத்தளத்துக்குச் சற்றே கீழே வைத்துப் பின்னால் பிடித்தால் அடிவிளிம்பு பளிச்சென்று தெரியும். பியூரெட்டில் 0.1 மி.லி. கோடுகள்தான் இருக்கும், இரண்டு கோடுகளுக்கு நடுவே 0.05ஐ மதிப்பிட்டு எழுத வேண்டும். எல்லா அளவீடுகளும் முழு 0.1இலேயே முடிகிற பதிவேட்டைப் பார்த்தால், எழுதியவர் உற்றுப் பார்க்கவில்லை என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது, பிப்பெட். கரைசல் வடிந்தபின் அதன் நுனியில் ஏறக்குறைய ஒரு துளி தங்கும். அந்தத் துளியைக் கழித்தே பிப்பெட்டுக்கு அளவு குறித்திருக்கிறார்கள். வடிந்து முடித்ததும் நுனியைக் குடுவையின் சுவரில் தொட்டு, சில நொடி பொறுத்து எடுத்துவிட வேண்டும். ஒருமுறை ஊதி, ஒருமுறை ஊதாமல் விட்டால் அளவீடுகள் துளிக்கணக்கில் முன்னும் பின்னும் ஆடும். பிப்பெட்டின் உட்சுவரில் சொட்டுகள் முத்து முத்தாக ஒட்டி நின்றால் அது எண்ணெய்ப் பிசுக்கு. சோப்புக் கரைசலால் கழுவாமல் எத்தனை முறை அளந்தாலும் அளவு நிலைக்காது. காரக் கரைசலை வாயால் உறிஞ்சும் பழக்கம் இன்னும் சில இடங்களில் காணக்கிடைக்கிறது. அதற்கு எந்தச் சமாதானமும் ஏற்கத்தக்கதல்ல. ரப்பர் பல்பு இருக்கிறது.

கடைசியாக, கையை நிறுத்துவது. முடிவுநிலைக்கு அருகே முழுத் துளியை விழவிடாமல், முனையில் பாதித் துளி திரண்டு தொங்கும்போதே ஸ்டாப்காக்கை மூடி, குடுவையின் உட்சுவரை அதில் தொட்டு, வாஷ் பாட்டிலால் சிறிது வாலைவடிநீர் பீய்ச்சி உள்ளே இறக்கிவிடலாம். இப்படிப் பீய்ச்சும் நீர் விடையைக் கெடுத்துவிடுமோ என்ற அச்சம் பலருக்கு இருக்கிறது. குடுவையில் இருக்கும் அமிலத்தின் அளவு பிப்பெட் வடிந்த கணத்திலேயே முடிவாகிவிட்டது. நீர் சேர்த்தால் செறிவு குறையுமே தவிர அமிலம் குறையாது.

ஒவ்வொரு முறையும் அளவீடு சற்றே இறங்குகிறது

20.4, 20.2, 20.1 என்று ஒழுங்காக இறங்கினால் அது சிதறல் அல்ல, சுவடு. தண்ணீரில் கழுவிய பியூரெட்டை அதில் நிரப்பப்போகும் கரைசலாலேயே மறுபடி அலசாமல் நிரப்பியிருக்கிறார்கள். 50 மி.லி. பியூரெட்டில் ஒரு மி.லி. நீர் ஒட்டியிருந்தால் செறிவு இரண்டு விழுக்காடு குறைந்து, 20.0 வரவேண்டியது 20.4 ஆகும், மேலே புதுக் கரைசல் ஊற்ற ஊற்ற நீரின் பங்கு குறைந்து, அளவீடும் உண்மையை நோக்கி இறங்கும். பியூரெட்டைக் காலி செய்து, ஐந்தைந்து மி.லி.யாக இருமுறை அலசிவிட்டு நிரப்புங்கள். இதற்கு மாறாக அளவீடு ஏறிக்கொண்டே போனால் பிப்பெட்டையோ, அளவுக் குடுவையில் கரைத்த அமிலம் சரியாகக் கலக்கப்பட்டதா என்பதையோ பாருங்கள். கோடுவரை நீர் ஊற்றியபின் மூடியை அழுத்திப் பிடித்துப் பத்துமுறையாவது தலைகீழாகக் கவிழ்க்காவிட்டால், மேலே நீர்த்த கரைசலும் அடியில் செறிந்த கரைசலுமாக நிற்கும்.

அளவீடுகள் ஒத்துவருகின்றன, விடை மட்டும் தவறு

ஆசிரியர்களையும் ஏமாற்றும் அறிகுறி இது. மூன்று அளவீடுகளும் ஒன்றுபோல வந்துவிட்டதால் நம்பிக்கை வந்துவிடுகிறது. அந்த ஒற்றுமை கை சுத்தமாக இருந்ததற்கு மட்டுமே சான்று. கரைசல் சுத்தமானது என்பதற்குச் சான்றாகாது.

முதலில் விலகல் எந்தத் திசையில் என்று பாருங்கள். அளவீடு கூடினால், குடுவைக்குள் அமிலம் கூடுதலாகப் போயிருக்கிறது அல்லது பியூரெட்டில் இருக்கும் காரம் நினைத்ததைவிடச் செறிவு குறைந்தது. கூம்புக் குடுவையை வாலைவடிநீரால் மட்டும் அலச வேண்டியிருக்க, நன்றாக இருக்கட்டும் என்று எண்ணி ஆக்சாலிக் அமிலத்தால் அலசியவர்களுக்கு அளவீடு ஒவ்வொரு முறையும் கூடுதலாகவே வரும். அளவீடு குறைந்தால், ஈரமான பிப்பெட்டை அமிலத்தால் அலசாமல் பயன்படுத்தியிருக்கலாம்.

இவை எதுவும் இல்லையென்றால் சோடியம் ஹைட்ராக்சைடு குப்பியைத்தான் கேட்க வேண்டும். அதன் வில்லைகள் காற்றில் வைத்த சில நிமிடங்களிலேயே ஈரத்தை உறிஞ்சிப் பளபளக்கத் தொடங்கும். ஆகவே 4 கிராம் எடைபோட்டு ஒரு லிட்டரில் கரைத்தால் 0.1 நார்மல் என்பது ஏட்டுக் கணக்கு. அதன் உண்மைச் செறிவை ஆக்சாலிக் அமிலம் போன்ற, தூய்மையாகக் கிடைத்து நம்பி எடைபோடக்கூடிய ஒரு பொருளோடு தரம்பார்த்துத்தான் அறிய முடியும். ஈரம் போதாதென்று, அது காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடையும் பிடித்துக் கார்பனேட்டாக மாறுகிறது. இந்தக் கார்பனேட்டு தனக்கென்று ஒரு விளையாட்டு ஆடும். மெத்தில் ஆரஞ்சு வைத்துப் பார்த்தால் அது முழுக் காரமாகக் கணக்கில் வரும். பினாப்தலீன் வைத்துப் பார்த்தால், வினை பைகார்பனேட்டோடு நின்றுவிடுவதால், பாதிதான் வரும். காரத்தில் ஐந்து விழுக்காடு கார்பனேட்டாகியிருந்தால், நம் சோதனையில் 20.0க்குப் பதில் 20.5 வரை போகலாம். ஒரே கரைசல் ஒரு நிறங்காட்டியில் சரியாகவும் இன்னொன்றில் தவறாகவும் நடந்துகொள்வதன் மர்மம் இதுதான்.

இதை உறுதிசெய்வது எளிது. அந்தக் காரத்தில் 20 மி.லி.யைக் குடுவையில் எடுத்து, பினாப்தலீன் விட்டு, 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் நிறம் போகும்வரை தரம்பாருங்கள். அளவைக் குறித்துக்கொண்டு, அதே குடுவையில் மெத்தில் ஆரஞ்சு விட்டு, ஆரஞ்சு நிறம் வரும்வரை தொடருங்கள். காரம் தூயதாக இருந்தால் இரண்டாவது கட்டத்துக்கு ஓரிரு துளி போதும். அரை மி.லி. தேவைப்பட்டால் முன்சொன்ன ஐந்து விழுக்காடு உள்ளே இருக்கிறது. சோடியம் கார்பனேட்டு செறிவான சோடியம் ஹைட்ராக்சைடில் கரையாது என்பதைப் பயன்படுத்தி, எடையில் பாதிக்குப் பாதியாகக் கெட்டியான காரக் கரைசல் தயாரித்து, கார்பனேட்டு அடியில் படியவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் கொதிக்கவைத்து ஆறிய நீரில் நீர்க்கச் செய்வது பழைய, நம்பகமான முறை. வில்லைகள் நீரில் விழும்போது கரைசல் மிகவும் சூடேறும் என்பதால், குளிர்ந்த நீரில் கொஞ்சம் கொஞ்சமாகவே சேர்க்க வேண்டும். கரைசலை இறுக மூடிய பாலித்தீன் குப்பியில் வையுங்கள்.

ஆக்சாலிக் அமிலத்தின் பக்கமும் பார்க்க வேண்டியது உண்டு. 250 மி.லி.க்கு 0.1 நார்மல் என்றால் 1.575 கிராம். மூன்றாம் தசம இலக்கம் காட்டாத தராசில் 1.6 கிராம் என்று போட்டுவிட்டு 0.1 நார்மல் என்றே எழுதினால், அங்கேயே ஒன்றரை விழுக்காடு, அதாவது 0.3 மி.லி. போய்விட்டது. சரியாக 1.575 வரவேண்டும் என்று கரண்டியால் கூட்டியும் குறைத்தும் அரைமணி நேரம் செலவிடத் தேவையில்லை. வந்த எடையை அப்படியே குறித்துக்கொண்டு, அதற்குரிய நார்மாலிட்டியைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கார்பனேட்டைத் தரம்பார்க்கும் வகுப்பில் வாலைவடிநீர் தீர்ந்துபோய், குழாயில் வரும் ஆழ்துளைக் கிணற்று நீரால் குடுவையை அலசிவிட்டுத் தொடர்ந்தால் இன்னொரு விலகல் வரும். லிட்டருக்கு 300 மி.கி. கால்சியம் கார்பனேட்டுக்கு இணையான காரத்தன்மை உள்ள நீர் பத்து மி.லி. குடுவையில் தங்கினால், அது மட்டுமே 0.6 மி.லி. 0.1 நார்மல் அமிலத்தை எடுத்துக்கொள்ளும்.

விடை சரியாகப் பாதி, அல்லது இரட்டை, அல்லது 14.3

விலகல் இவ்வளவு பெரியதாக, ஆனால் ஓர் ஒழுங்கோடு இருந்தால் கண்ணாடிப் பொருள்களை விட்டுவிட்டுக் கணக்கைப் பாருங்கள். கன அளவையும் நார்மாலிட்டியையும் பெருக்கி இருபுறமும் சமன்படுத்தும் சூத்திரத்தில் மோலாரிட்டியைப் போட்டிருந்தால், ஆக்சாலிக் அமிலத்துக்கும் கந்தக அமிலத்துக்கும் விடை இரண்டு மடங்கு பிசகும். அவை மூலக்கூறுக்கு இரண்டு புரோட்டான் கொடுப்பவை. கணக்கு சரியாக இருந்தும், சோடியம் கார்பனேட்டுக்கு வரவேண்டியதில் பாதி அமிலமே செலவானால், மெத்தில் ஆரஞ்சுக்குப் பதில் கை தவறிப் பினாப்தலீன் குப்பியை எடுத்துவிட்டீர்கள்.

14.3 என்ற எண் கொஞ்சம் சுவையானது. ஆய்வகக் குப்பியில் இருக்கும் ஆக்சாலிக் அமிலம் இரண்டு நீர் மூலக்கூறுகளோடு படிகமானது. மூலக்கூறு நிறை 126, சமான நிறை (ஒரு புரோட்டானுக்குரிய பங்கு) 63. அந்த நீரைக் கணக்கில் சேர்க்காமல் 90இன் பாதியான 45ஐச் சமான நிறையாகக் கொண்டு எடைபோட்டால் கரைசல் 0.1க்குப் பதில் 0.0714 நார்மலாகத்தான் இருக்கும், 20 மி.லி.க்கு 14.3 மி.லி. காரமே செலவாகும். சலவைச் சோடாவில் பத்து நீர் மூலக்கூறுகள் இருப்பதால் அங்கே இதே தவறு இன்னும் பெரிதாகும். போதாததற்கு, வெயில் காலத்தில் அதன் படிகங்கள் தாமே நீரை இழந்து மேலே வெள்ளைப் பொடி பூத்துவிடுவதால், எந்தச் சூத்திரத்தைப் போட்டாலும் எடை பொருந்தாது. நீரற்ற சோடியம் கார்பனேட்டை உலர்த்தி எடைபோடுவதே நல்லது.

கரைசல் கலங்குகிறது

பினாப்தலீன் விட்ட இடத்தில் பால்போல வெண்மை தோன்றினால் நிறங்காட்டி மிகுந்துவிட்டது. சாராயத்தில் கரையும் அது நீரில் பிரிந்து நிற்கிறது. காரக் கரைசலே கலங்கியிருந்தால் அதைக் கடின நீரில் கரைத்திருக்கிறார்கள். மக்னீசியமும் கால்சியமும் வீழ்படிவாகியுள்ளன. அதை வடிகட்டிப் பயன்படுத்தலாம் என்று தோன்றும். புதிதாகத் தயாரிப்பதே மேல்.

ஸ்டாப்காக் ஒழுகுகிறது, அல்லது திரும்ப மறுக்கிறது

பூச்சியம் வரை நிரப்பி, முனையில் தொங்கும் துளியைத் துடைத்துவிட்டு, ஐந்து நிமிடம் தொடாமல் விடுங்கள். பிறைத்தளம் இறங்கியிருந்தாலோ முனையில் புதுத் துளி திரண்டிருந்தாலோ ஒழுகல் உண்டு. டெப்லான் திருகியானால் மரையை அரைச் சுற்று இறுக்கினால் போதும். கண்ணாடித் திருகியானால் கழற்றி, துடைத்து உலர்த்தி, துளைக்கு இருபுறமும் மெல்லிய வாசலின் பூசிப் பொருத்த வேண்டும். துளையின் மேலேயே பூசினால் அது கூர்முனையில் போய் அடைத்துக்கொள்ளும்.

திருகி அசையவே மறுத்தால், முந்தைய வகுப்பினர் காரத்தை உள்ளேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். காரம் கண்ணாடியை மெல்ல அரித்து, காற்றுப்பட்ட இடத்தில் கார்பனேட்டாகி, இரண்டு கண்ணாடிப் பரப்புகளையும் ஒட்டவைத்துவிடும். பலம் கொண்டு திருகினால் திருகிக்கு முன் பியூரெட்டின் கழுத்து உடையும். அந்த உடைசல் உள்ளங்கையில்தான் இறங்கும். மேலே இருக்கும் கரைசலை வாய்வழியாகக் கவிழ்த்து ஊற்றிவிட்டு, அந்தப் பகுதியை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் வைத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஓரங்களில் விட்டு ஊறவிடுங்கள். கார்பனேட்டு கரைந்தால் பெரும்பாலும் விரலால் அசையும் அளவுக்கு இளகிவிடும். இளகாவிட்டால் அந்தப் பியூரெட்டைத் தனியே எடுத்துவைத்துவிட்டு வேறொன்றில் வேலையைத் தொடருங்கள். வகுப்பு முடிந்ததும் காரத்தை வடித்துவிட்டு, முதலில் நீராலும், ஒருமுறை மிக நீர்த்த அமிலத்தாலும், மறுபடி நீராலும் அலசி, திருகியைத் திறந்த நிலையில் வைத்து, பியூரெட்டைத் தலைகீழாகத் தாங்கியில் மாட்டிவிட்டுப் போங்கள்.